குட்டி பிறக்கும் முன்பே வீடு பேசுங்கள்

கேள்வி: ''காவலுக்காகச் சிப்பிப்பாறை பெட்டை நாய் ஒன்றை வளர்த்து வருகிறோம். வயது மூன்றரை. சென்ற ஆண்டு ஏழு குட்டிகள் ஈன்றது. ஆண் குட்டிகள் மூன்றும் உடனே போய்விட்டன. பெட்டைக் குட்டிகள் நான்கில் ஒன்றை மட்டும் உறவினர் ஒருவர் வாங்கிக்கொண்டார். மற்ற மூன்றையும் இரண்டரை மாதம் வைத்துப் பார்த்தோம். கேட்டு யாரும் வரவில்லை. கடைசியில், வீட்டில் உள்ளவர்கள் ஆட்டுச்சந்தை கூடும் இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அவை என்ன ஆயின என்று தெரியாது. இப்போது பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், தன் ஆண் நாயுடன் இணை சேர்க்கலாம் என்கிறார். இந்த முறை குட்டிகளை நல்லபடியாகக் கரை சேர்க்க என்ன வழி?''

- ஒரு வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: சந்தையில் விடப்பட்ட அந்த மூன்று பெட்டைக் குட்டிகளிலிருந்தே இந்தப் பதிலைத் தொடங்க வேண்டியிருக்கிறது. அப்படி விடப்படும் குட்டிகளில் பல, பசியாலும் கழிச்சல் நோயாலும் வண்டியில் அடிபட்டும் சில வாரங்களிலேயே இறந்துவிடும். தப்பிப் பிழைப்பவை ஒரு வயதுக்குள்ளேயே பருவத்துக்கு வந்துவிடும். மூன்று பெட்டைகளும் ஆண்டுக்கு ஒரு முறை ஐந்து குட்டிகள் வீதம் ஈன்றால், அடுத்த ஆண்டே அந்தச் சந்தை மேட்டில் 15 குட்டிகள் இருக்கும். இரை தேடிக் கூட்டமாகத் திரியும் இத்தகைய நாய்கள்தான் இரவில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போடுகின்றன. திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் காங்கயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டார விவசாயிகள் நாய்க்கடியால் ஆடுகளை இழந்து, இறந்த ஆடுகளைச் சாலையில் போட்டு இழப்பீடு கேட்டுப் போராடியது பலருக்கும் நினைவிருக்கும். கடித்த நாய்க்கு வெறிநோய் இருந்துவிட்டால், ஆட்டையும் மாட்டையும் மட்டுமின்றி ஆளையும் அது கொல்லும். ஆகவே, ஒரு வீட்டில் மிஞ்சிய குட்டி அந்த வீட்டுப் பிரச்னையோடு முடிவதில்லை. ஊர்ப் பட்டிகளின் பிரச்னையாகவும் அது மாறிவிடுகிறது.

குட்டி பிறந்த பிறகு வீடு தேடுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் வழக்கம். அந்த வரிசையை மாற்ற வேண்டும். வீடு முதலில், இணை சேர்ப்பது பிறகு. போதுமான வீடுகள் அமையாவிட்டால் அந்தப் பருவத்தை விட்டுவிட வேண்டும். பெட்டை நாய் பொதுவாக ஆறேழு மாதங்களுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். ஒரு பருவம் போனால் இன்னொன்று இருக்கிறது. 'பெட்டை நாய் ஒரு முறையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது' என்று சொல்வதில் உண்மை இல்லை.

இணை சேர்க்கும் முன் மூன்று கேள்விகள்

முதலாவது, இந்த நாயை இப்போது இணை சேர்க்கலாமா? மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, பெட்டை நாய்க்குக் குறைந்தது 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது. வாழ்நாளில் ஐந்து முறைக்கு மேல் கூடாது. இணை சேர்ப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் உடல்நலச் சான்று பெற வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டிகளை விற்கக் கூடாது. விற்பனைக்காக நாய் இனப்பெருக்கம் செய்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதும் விதி. ஆகவே, குட்டிகளை விலைக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், பதிவு பற்றி அருகில் உள்ள கால்நடை மருத்துவமனையில் முதலில் விசாரித்துவிட வேண்டும். வாசகரின் நாய்க்கு வயது தகுதி இருக்கிறது. சென்ற ஈற்று முடிந்து 12 மாதம் ஆகியிருக்கிறதா, இளைத்த உடம்பு தேறியிருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வரப்போகும் ஆண் நாய் எந்த வழியில் வந்தது? ஒரே வட்டாரத்தில் பெயர் பெற்ற ஓர் ஆண் நாய்க்குப் பிறந்தவையே சுற்றிலும் பத்து ஊர்களில் இருப்பது நாட்டு இன நாய்களில் சாதாரணம். அண்ணன், தங்கை முறையில் இணை சேர்ந்தால் குறையுள்ள குட்டிகள் பிறக்கும் வாய்ப்பு அதிகம். ஆண் நாயின் தாய், தகப்பன் எந்த வீட்டவை என்று இரண்டு தலைமுறையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பதில் சொல்லத் தெரியாவிட்டால் வேறு ஆண் நாயைப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, மிஞ்சினால் வைத்துக்கொள்ள இடமும் தீனியும் இருக்கிறதா? எவ்வளவு முன்னேற்பாடு செய்தாலும் ஒன்றிரண்டு பேர் பின்வாங்குவார்கள். அதனால், இரண்டு குட்டிகளையாவது ஐந்தாறு மாதம் வரை வளர்க்க மனமும் வசதியும் இருப்பவர்களே இணை சேர்க்கலாம். இது இல்லையென்றால் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இருந்தும் பயனில்லை.

'எனக்கு ஒரு குட்டி' என்பது வீடு ஆகாது

நாய் அழகாக இருந்தால், பார்க்கிற எல்லோரும் 'குட்டி போட்டா எனக்கு ஒண்ணு' என்பார்கள். டீக்கடையில் சொன்னவர், கல்யாண வீட்டில் சொன்னவர், பஸ்ஸில் சொன்னவர் எல்லோரையும் கூட்டினால் இருபது பேர் தேறும். குட்டி 60 நாள் ஆனதும் போன் செய்தால், 'இப்ப வீட்ல வேலை நடக்குது', 'அம்மா வேண்டாங்கிறாங்க', 'ஆண் குட்டி இருக்கா?' என்று பதில் வரும். சென்ற முறை வாசகருக்கு நடந்ததும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே, ஒரு நோட்டில் பெயர் எழுத வேண்டும். பெயர், ஊர், போன் எண், எதற்காக நாய் வேண்டும், ஆண் மட்டும்தானா, பெட்டையும் சம்மதமா, வீட்டைப் போய்ப் பார்த்தாயிற்றா, முன்பணம் கொடுத்தாரா என்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டால் போதும். எல்லாக் கட்டங்களும் நிரம்பிய பெயரை மட்டுமே ஒரு வீடாகக் கணக்கில் எடுக்க வேண்டும்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற நாய்கள் ஐந்து முதல் எட்டுக் குட்டிகள் வரை ஈனுவது வழக்கம். வாசகரின் நாய் சென்ற முறை ஏழு ஈன்றிருக்கிறது. எனவே, ஏழு வீடுகள் உறுதியாக வேண்டும். பின்வாங்குபவர்களுக்கு ஈடாக இன்னும் இரண்டு மூன்று பெயர்கள் கையிருப்பில் இருக்க வேண்டும். இந்தப் பட்டியலில் மிக முக்கியமான கட்டம், 'பெட்டையும் சம்மதமா?' என்பதுதான். ஏழில் எத்தனை ஆண், எத்தனை பெட்டை என்பது யார் கையிலும் இல்லை. பத்துப் பேரும் ஆண் குட்டியே கேட்டால், அந்தப் பட்டியலில் உண்மையில் மூன்று நான்கு வீடுகள்தான் இருக்கின்றன. பட்டியலில் பாதிப் பேராவது பெட்டைக்குச் சம்மதம் சொன்ன பிறகே இணை சேர்ப்பது பற்றி யோசிக்க வேண்டும்.

முன்பணம் வாங்குவதில் தவறில்லை. தொகை சிறியதாக இருக்கலாம். ஆனால், கையில் இருந்து காசு கொடுத்தவர் வீட்டில் ஒரு முறையாவது பேசி முடிவெடுத்திருப்பார். கேட்ட பால் குட்டி பிறக்கவில்லை என்றாலோ, குட்டி இறந்துபோனாலோ பணத்தைத் திருப்பித் தர வேண்டும். வாங்குபவர் மனம் மாறினால் என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசி, நோட்டில் எழுதிவிட வேண்டும். பின்னால் மனஸ்தாபம் வராது.

பெட்டைக் குட்டிக்கு வீடு தேடுவது எப்படி?

பெட்டை வேண்டாம் என்பதற்குக் காரணம் காவல் திறமை இல்லை. காவலில் ஆணுக்கும் பெட்டைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பருவத்துக்கு வந்தால் வாசலில் பத்து நாய்கள் கூடிவிடும், வருஷா வருஷம் குட்டி போட்டுவிடும் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்துக்கு மருந்து கருத்தடை அறுவை சிகிச்சை. அறுவை சிகிச்சை செய்த பெட்டை பருவத்துக்கு வராது, ஆண் நாய்கள் தேடி வராது. வயதான பெட்டைகளுக்கு வரும் கருப்பைச் சீழ் நோய்க்கும் இடமில்லை. முதல் பருவத்துக்கு முன்பே செய்துவிட்டால் மடிக்கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும். ஆறு மாத வயதை ஒட்டி எப்போது செய்யலாம் என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்வார். வசதியுள்ள கால்நடை மருத்துவமனைகளிலும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு போன்ற ஊர்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்த அறுவை சிகிச்சை செய்கிறார்கள்.

குட்டி கொடுப்பவர் இதைப் பேச்சோடு விடக் கூடாது. 'ஆறு மாதம் ஆனதும் நானே கூட வருகிறேன். செலவில் பாதி என்னுடையது' என்று ஒரு வார்த்தை சொன்னால், தயங்கி நிற்கும் பலர் பெட்டைக் குட்டியை ஏற்றுக்கொள்வார்கள். ஆண் குட்டிகளுக்கு வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கென்று ஒதுக்கி வைக்கலாம். சந்தையில் கொண்டுபோய் விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

வீட்டைப் பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பெண் கொடுக்கும் வீட்டை விசாரிப்பதுபோல விசாரிக்க வேண்டும் என்று பழைய நாய் வளர்ப்பாளர்கள் சொல்வது வேடிக்கைக்கு இல்லை. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், யார் சோறு வைப்பார்கள், மழைக்கும் வெயிலுக்கும் எங்கே படுக்கும் என்று கேட்க வேண்டும். குடும்பத்தில் மற்றவர்களுக்குச் சம்மதமா என்பதை, கேட்டவரிடம் அல்லாமல் அந்த மற்றவர்களிடமே கேட்பது நல்லது. முக்கியமாக, தினமும் சோறு வைக்கப்போகிற வீட்டுப் பெண்களின் வார்த்தையே கடைசி வார்த்தை.

சிப்பிப்பாறை ஓடுவதற்கென்றே உடம்பு வாய்த்த நாய். குறுகலான சந்தில், இரண்டு முழச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிக் கிடந்தால் முரடாகிவிடும். அது துரத்தும் குணமும் கொண்டது. கோழியும் ஆட்டுக்குட்டியும் உள்ள வீட்டுக்குப் போகிற குட்டியை, சிறு வயதிலேயே அவற்றோடு பழக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 'முயல் வேட்டைக்கு நல்ல நாயா?' என்று கேட்டு வருபவருக்குக் குட்டி கொடுக்கக் கூடாது. 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயல் வேட்டை குற்றம். வழக்கு வந்தால் நாயும் சிக்கும், கொடுத்தவர் பெயரும் அடிபடும்.

இன்னொரு கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. 'முன்பு நாய் வளர்த்தீர்களா, அது எப்படி இறந்தது?' என்பது. ரத்தக் கழிச்சலால் குட்டி இறந்த வீடு என்றால், பெரும்பாலும் அது பார்வோ நோயாக இருக்கும். அந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். தடுப்பூசித் தவணைகள் முடியாத குட்டியை அந்த வாசலில் விட்டால், சில நாட்களிலேயே அதே நோய் தாக்கலாம். அந்த வீட்டை ஒதுக்க வேண்டியதில்லை. தரையைச் சலவைத்தூள் கரைசலால் கழுவச் சொல்லி, தடுப்பூசிகள் முடிந்த பிறகு குட்டியை அனுப்பினால் போதும்.

நகரங்களில் இருந்தும் இப்போது நாட்டு நாய்களைக் கேட்கிறார்கள். 2005-ல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வெளியானது முதல், நாட்டு இனங்களைப் பற்றிய பேச்சு கூடியிருக்கிறது. நகரத்து வீடு என்பதற்காக மறுக்க வேண்டாம். ஆனால், போனில் பேசிவிட்டுக் குட்டியை அட்டைப்பெட்டியில் அடைத்து ராத்திரி பஸ்ஸில் ஏற்றி அனுப்புவது கூடாது. வேண்டியவர் நேரில் வந்து, தாய் நாயையும் பார்த்து, குட்டியைக் கையில் வாங்கிப் போகட்டும். அவ்வளவு தூரம் வர மனமில்லாதவர் 12 ஆண்டுகள் வளர்ப்பார் என்று எப்படி நம்புவது? அதேபோல், குட்டிகள் எல்லாவற்றையும் மொத்தமாகக் கேட்கும் தரகர்களைத் தவிர்க்க வேண்டும். அவர்கள் கையில் போன குட்டி எந்த ஊரில் யாரிடம் இருக்கிறது என்று பிறகு தெரியாது.

120 நாள் கணக்கு

நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். குட்டி தாயோடு இருக்க வேண்டியது 56 நாட்கள். ஆக, இணை சேர்த்த நாளிலிருந்து குட்டி புது வீடு போகும் நாள் வரை சுமார் 120 நாட்கள் இருக்கின்றன. இந்த நாட்களைப் பிரித்து வேலை செய்தால் பதற்றம் இருக்காது.

25 முதல் 30 நாட்களில் ஸ்கேன் செய்தால் சினை உறுதியாகும். உறுதியானதும் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் தகவல் சொல்லிவிட வேண்டும். பின்வாங்குபவர்கள் அப்போதே பின்வாங்கட்டும். 55 நாட்களுக்கு மேல் எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டிகள் என்று ஏறக்குறையத் தெரியும். பட்டியலில் வீடுகள் குறைந்தால், கூடுதலாகத் தேட இன்னும் இரண்டு மாதங்கள் கையில் இருக்கின்றன.

குட்டிகள் பிறந்ததும், எத்தனை ஆண், எத்தனை பெட்டை என்று சொல்லலாம். ஆனால், 'நெற்றியில் வெள்ளை உள்ளது உங்களுக்கு' என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். முதல் வாரத்தில் ஓரிரு குட்டிகள் இறப்பது உண்டு. குட்டியின் குணமும் அப்போது தெரியாது.

10 முதல் 14 நாட்களில் கண் திறக்கும். இரண்டாவது வாரத்தில் தொடங்கி இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை, எடைக்கு ஏற்ற அளவில் குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். தாய் நாய்க்கும் மருத்துவரைக் கேட்டுக் கொடுக்க வேண்டும். நான்காவது வாரம் முதல் குழைந்த சோறு, வேகவைத்த முட்டை என்று மெல்லப் பழக்கலாம்.

மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி உலகத்தைக் கற்கும் காலம். இந்த வயதில் பார்த்துப் பழகியதை எல்லாம் வாழ்நாள் முழுக்கச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். பார்க்காததைக் கண்டு பயப்படும் அல்லது கடிக்கும். எனவே, டிராக்டர் சத்தம், மோட்டார் சத்தம், குழந்தைகள், வயதானவர்கள், ஆடு, மாடு, கோழி எல்லாவற்றையும் இந்த நாட்களில் குட்டிகள் பார்க்க வேண்டும். தினமும் ஒவ்வொரு குட்டியையும் சில நிமிடங்கள் தனியாகத் தூக்கி, காது, வாய், பாதம் தொட்டுப் பழக்க வேண்டும். பட்டிக்குக் காவலாகப் போகும் குட்டிக்கு இந்தப் பழக்கம்தான் பெரிய சொத்து.

ஐந்தாவது வாரத்தில், பட்டியலில் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம். செருப்பை வெளியே விட்டு, கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே குட்டியைத் தொட விட வேண்டும். கழிச்சல் நோய் செருப்பில் ஒட்டிக்கொண்டும் வரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பார்வோ, டிஸ்டெம்பர் உள்ளிட்ட நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியின் முதல் தவணையைப் போட வேண்டும்.

எந்தக் குட்டி எந்த வீட்டுக்கு?

ஏழாவது வாரத்தில் இதை முடிவு செய்யலாம். முடிவு செய்ய வேண்டியவர் வளர்த்தவர்தான். ஏழு வாரம் தினமும் பார்த்தவருக்கே எது துணிச்சல், எது கூச்சம், எது சண்டைக்காரன் என்று தெரியும். துணிச்சலான குட்டி தோட்டத்து வீட்டுக்குப் போகட்டும். கூச்சப்படும் குட்டி, சத்தம் குறைந்த, பெரியவர்கள் மட்டும் உள்ள வீட்டுக்குப் போகட்டும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு, தொட்டால் பதறாத குட்டியைத் தர வேண்டும். வந்தவர் நிறத்தைப் பார்த்து ஒன்றைச் சுட்டிக்காட்டினாலும், காரணத்தைச் சொல்லி எடுத்துரைக்க வேண்டும்.

ஒவ்வொரு குட்டிக்கும் காது கேட்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். குட்டி தனியாக இருக்கும்போது, அதன் கண்ணுக்குப் படாமல் பின்னால் நின்று கை தட்டினால் திரும்ப வேண்டும். வெள்ளை நிற ராஜபாளையம் குட்டிகளில் பிறவிச் செவிடு அவ்வப்போது காணப்படும் குறை. காது கேளாத குட்டியும் நல்ல வீட்டில் நன்றாக வாழும். ஆனால், சாலை ஓரத் தோட்டக் காவலுக்கு ஆகாது. குறையை மறைத்துக் கொடுத்தால், அந்தக் குட்டிதான் முதலில் தெருவுக்கு வரும்.

கொடுக்கும் நாளும் அதன் பிறகும்

எட்டு வாரம் நிறைந்த பிறகு, ஒரே நாளில் எல்லாக் குட்டிகளையும் அனுப்பாமல் ஒன்றிரண்டாக அனுப்பினால், தாய்க்குப் பால் மெல்ல வற்றும். மடி கட்டாது. வெயில் தாழ்ந்த நேரத்தில், வயிறு முட்டத் தீனி வைக்காமல் அனுப்ப வேண்டும். குட்டியோடு நான்கு பொருட்கள் போக வேண்டும். தடுப்பூசி, குடற்புழு நீக்கத் தேதிகள் எழுதிய அட்டை. அதுவரை சாப்பிட்ட தீனியில் மூன்று நான்கு நாட்களுக்கானது. தாயின் வாசனை உள்ள பழைய துணி. அடுத்து என்ன எப்போது செய்ய வேண்டும் என்று எழுதிய ஒரு தாள். கூட்டுத் தடுப்பூசியின் அடுத்த தவணை மூன்று நான்கு வாரங்களில். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில். அதன் பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் ஊக்கத் தவணை, பிறகு ஆண்டுதோறும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு பேச்சு இருக்கிறது. 'எந்தக் காரணத்தால் வளர்க்க முடியாமல் போனாலும், எத்தனை வருஷம் ஆனாலும், எங்களிடமே கொண்டுவந்து விட்டுவிடுங்கள். தெருவில் விட வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். அதை அந்தத் தாளிலும் எழுத வேண்டும். சொன்னபடி திரும்பி வந்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். நாயைப் பெருக்கியவர் ஏற்க வேண்டிய பொறுப்பு இது.

மூன்றாம் நாள், ஒரு மாதம் கழித்து, வெறிநோய்த் தடுப்பூசி போடும் நேரத்தில், கருத்தடை செய்யும் வயதில் என நான்கு போன் போதும். 'ரெண்டு நாளா சாப்பிடல', 'ராத்திரி பூரா அழுவுது' என்பன போன்ற சின்னச் சிக்கல்கள், கேட்க ஆள் இல்லாதபோதுதான் நாயை விட்டுவிடும் அளவுக்குப் பெரிதாகின்றன.

வாசகரின் கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான். பக்கத்து ஊர்க்காரரிடம் அடுத்த பருவம் வரை பொறுக்கச் சொல்லிவிட்டு, அதற்குள் பட்டியலை எழுதிப் பார்க்க வேண்டும். பெட்டைக்குச் சம்மதிக்கும் நான்கு வீடுகளாவது தேறினால் மேற்கொண்டு பேசலாம். தேறாவிட்டால், அந்த நாய்க்கே கருத்தடை செய்து, காவலுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நாய்க்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.

இது தொடர்பாக வாசகர்கள் கேட்ட மற்ற கேள்விகள்

''குட்டிகளுக்கு 30 நாள்தான் ஆகிறது. சீக்கிரம் பிரித்தால்தான் புதியவரிடம் நன்றாக ஒட்டும் என்று கேட்கிறார்கள். கொடுக்கலாமா?''

கூடாது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான் கற்கிறது. 30 நாளில் பிரித்த குட்டி கடிக்கும் பழக்கத்தோடு வளரும். நோய் எதிர்ப்பு சக்தியும் போதாது. எட்டு வாரத்தில் போகிற குட்டியும் புது வீட்டில் ஒட்டிக்கொள்ளும். அவசரப்படுபவரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, வாரம் ஒரு முறை வந்து பார்த்துப் பழகச் சொல்லலாம்.

''எங்கள் பெட்டை நாய் கட்டை அவிழ்த்துக்கொண்டு போய் தெரு நாயுடன் இணை சேர்ந்துவிட்டது. கடையில் ஊசி வாங்கிப் போட்டால் கலைந்துவிடும் என்கிறார்கள். போடலாமா?''

தானாக எந்த ஊசியும் போடக் கூடாது. தவறான ஹார்மோன் ஊசி, கருப்பையில் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நாளைக் குறித்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும். என்ன வழி இருக்கிறது என்று அவர் சொல்வார். இனி, பருவம் தெரிந்ததும் மூன்று வாரங்களுக்குக் கதவுள்ள அறையில் வைக்க வேண்டும். வாசலில் கயிற்றில் கட்டி வைத்தால், நாய் வெளியே போகாது என்றாலும் ஆண் நாய் உள்ளே வரும்.

''வைக்கோல் போர் அடியில் தெரு நாய் ஒன்று குட்டி போட்டிருக்கிறது. இவற்றுக்கும் இதே முறைதானா?''

இதே முறைதான். தாய்க்கு நல்ல தீனி வைத்தால் நெருங்க விடும். குட்டிகளுக்குக் குடற்புழு நீக்கம், தடுப்பூசி முடித்து, எட்டு வாரத்தில் ஊருக்குள்ளேயே வீடு பார்க்கலாம். நாட்டுக்குட்டி தோட்டக் காவலுக்கு நன்றாகவே உதவும். பால் வற்றியதும் தாய்க்குக் கருத்தடை செய்ய உள்ளாட்சி அமைப்பிடமும் கால்நடை மருத்துவமனையிலும் கேட்க வேண்டும். இல்லாவிட்டால், அடுத்த ஆறேழு மாதங்களில் அதே வைக்கோல் போரில் அடுத்த ஈற்று இருக்கும்.

''இரண்டு மாதக் குட்டி விளையாட்டாகக் கையில் கடித்துவிட்டது. குட்டிதானே என்று விட்டுவிடலாமா?''

விட்டுவிடக் கூடாது. குட்டிக்கும் வெறிநோய் வரும். பல் பட்டாலும், நகம் கீறினாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விட வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியில்லை. முன்கூட்டியே போடும் தடுப்பூசிதான் காப்பு.